சூட்டுக்கு வழி விட்ட பிறகு வேகம் கேளுங்கள்

பத்து நாளாக ஒரு ஸ்பார்க் பிளக்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். எங்கள் தெருமுனை மெக்கானிக் கடையில் ஒரு பையனின் ஆர்.எக்ஸ். 100 வண்டியிலிருந்து கழற்றியது. நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் பீங்கான் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கிடக்கிறது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் அந்த வெள்ளையின் மேல் கடுகில் பாதிகூட இல்லாத பொட்டுகள் நாலைந்து மின்னுகின்றன. பையன் அதை அழுக்கு என்று நினைத்து, உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத் திரும்ப மாட்டப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். அது அழுக்கல்ல, அலுமினியம். அவனுடைய பிஸ்டனின் தலை உருகித் தெறித்து வந்து பிளக்கில் ஒட்டியிருக்கிறது. மறுநாள் பௌர்ணமி. அந்த வண்டியில் அம்மாவை உட்காரவைத்துத் திருவண்ணாமலைக்குப் போவதாக இருந்தான்.

தம்பிகளே, இதைப் படிக்கும் உங்களில் பலருடைய வண்டியும் இந்த நிலைமையில்தான் இருக்கும் என்ற பயத்தில் எழுதுகிறேன். கத்திரி வெயில் காலத்தில் எழுதுவதால் கொஞ்சம் சத்தமாகவே எழுதுகிறேன்.

பெட்ரோல் எரிந்து கிடைக்கும் சக்தியில், சின்ன இன்ஜின்களைப் பொறுத்தவரை, தாராளமாகக் கணக்குப் போட்டாலும் கால் பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. மிச்சம் முழுக்கச் சூடு. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். ஆனால் வண்டியை ஓட்டும் சக்திக்கு ஏறக்குறைய சமமான இன்னொரு பங்கு சிலிண்டர் சுவரில் இறங்கி, அதைச் சுற்றி வரிவரியாக நிற்கிறதே ஃபின், அதன் வழியாகக் காற்றில் கலந்தாக வேண்டும். ஆர்.எக்ஸ். 100 முழு ரேஸில் தருவது 11 குதிரைத்திறன், அதாவது சுமார் 8 கிலோவாட். வீட்டில் இருக்கும் பெரிய இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று 2 கிலோவாட். நாலு அடுப்பை முழுச் சூட்டில் வைத்தால் வரும் வெப்பத்தை, ஒரு சொம்பு அளவே இருக்கும் அந்தச் சிலிண்டர் எதிர்க்காற்றை மட்டும் நம்பி வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் கிடையாது, பம்ப் கிடையாது, விசிறியும் கிடையாது.

இப்போது போர்ட்டைச் சுரண்டிப் பெரிதாக்கி, எக்ஸ்பான்ஷன் சேம்பர் மாட்டி, அந்த 11 குதிரைத்திறனை 15 ஆக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுப்பு ஒன்றரை கூடிவிட்டது. ஃபின் ஒன்றுகூடக் கூடவில்லை. இதைத்தான் நான் எல்லாரிடமும் கேட்கிறேன்: கூடிய சூடு எந்த வழியாகப் போகும் என்று யோசித்தீர்களா? யாரும் யோசிப்பதில்லை. பிக்கப் எவ்வளவு ஏறும், டாப் ஸ்பீடு எவ்வளவு போகும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

வண்டி செய்கிறவர்கள் யோசித்திருக்கிறார்கள். யமஹா தன் 350 சிசி இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் வண்டியின் பலத்தை உயர்த்தி 1980-ல் வெளியிட்டபோது, ஃபின்னை நம்பாமல் தண்ணீருக்கு மாறியது. ஆர்.டி. 350 எல்.சி. என்ற பெயரில் இருக்கும் அந்த இரண்டு எழுத்துக்குத் திரவத்தால் குளிர்விப்பது என்றே பொருள். ராயல் என்ஃபீல்டு 2018-ல் இண்டர்செப்டரை 47 குதிரைத்திறனோடு கொண்டுவந்தபோது சிலிண்டரில் ஃபின் இருந்தாலும் முன்னால் ஓர் ஆயில் கூலரையும் தொங்கவிட்டது. சோதனைக்கூடமும் பொறியாளர்களும் வைத்திருக்கிறவர்களே பலத்தைக் கூட்டும்போது சூட்டுக்குத் தனியாக ஒரு வழி செய்கிறார்கள். நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அரமும் சுத்தியலும் வைத்துக்கொண்டு பலத்தை மட்டும் கூட்டிவிட்டுக் கிளம்புகிறோம்.

சிலிண்டருக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பிஸ்டன் அலுமினியம், அது உரசி ஓடும் சுவர் இரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆர்.எக்ஸ். 100 பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டர். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அது நூறில் ஒரு மில்லிமீட்டர் பருக்கிறது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே விடப்படும் இடைவெளி தலைமுடியின் தடிமனில் பாதி இருந்தால் அதிகம். சுவருக்குத் தெரியாமல் பிஸ்டன் மட்டும் ஐம்பது, அறுபது டிகிரி கூடுதலாகச் சூடானால் போதும், அந்த இடைவெளி காணாமல் போகும். ஆயில் படலம் கிழியும். அலுமினியம் இரும்பில் ஈஷிக்கொள்ளும். நிமிடத்துக்கு 7,500 முறை சுற்றிக்கொண்டிருந்த இன்ஜின் ஒரு நொடிக்குள் கல்லாகிவிடும். இன்ஜின் நின்றால் செயின் நிற்கும், பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயமல்ல. இருபத்திரண்டு வயதில் என் வண்டிக்குப் போர்ட் வேலை செய்தேன். எங்கள் ஊர் மெக்கானிக் பாய்தான் செய்து கொடுத்தார். வண்டியைக் கையில் கொடுக்கும்போது, “தம்பி, மெயின் ஜெட் ரெண்டு நம்பர் பெருசு வாங்கிட்டு வா, மாட்டித் தர்றேன். அதுவரைக்கும் அரை ரேஸுக்கு மேல போகாத” என்றார். சரி பாய் என்றேன். ஜெட் விலை அன்றைக்கு ஒரு சினிமா டிக்கெட்டுக்குக் கூட ஆகாது. வாங்கவில்லை. மூன்றாம் நாள் என் தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திண்டிவனத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். நடுப்பகல், மே மாதம். வண்டி அதற்கு முன் ஓடியதே இல்லை என்பதுபோல ஓடியது. தொட்டதும் பறந்தது. பிறகு யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல ஒரு தயக்கம். நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் கொஞ்சம் ரேஸ் கொடுத்தேன். அடுத்த கணம் பின்சக்கரம் கீச்சென்று அலறிக்கொண்டு குறுக்கே திரும்பியது. எனக்கு முழங்காலோடு போயிற்று. தம்பிக்கு இடது முழங்கைக்குக் கீழே மணிக்கட்டு வரை தோல் இல்லை. பின்னால் லாரி எதுவும் வராததால் இரண்டு பேரும் உயிரோடு இருந்தோம். வேறு காரணம் எதுவும் இல்லை.

மறுநாள் பாய் ஹெட்டைத் திறந்து பிஸ்டனை எடுத்து என் கையில் வைத்தார். சைலன்சர் பக்கம் பார்த்த இடத்தில் பூனை பிறாண்டியதுபோல நீளவாக்கில் கீறல்கள். ரிங் பள்ளத்துக்குள் அலுமினியம் வழிந்து ரிங்கையே மூடியிருந்தது. பாய் ஒரு வார்த்தை திட்டவில்லை. “தம்பி கை எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

சாகப்போகும் இன்ஜின்தான் அப்படித் தொட்டதும் பறக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் வண்டி கூர்மையாக இழுக்கும், சத்தம் சுத்தமாக இருக்கும், புகை இருக்காது. டியூனிங் பிரமாதம் என்று தோன்றும். பெட்ரோல் முழுமையாக எரிய எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று போதும். முழு ரேஸில் ஓடும் காற்றில் குளிரும் இன்ஜினுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் வேண்டும், 12.5 அல்லது 13-க்கு ஒன்று என்ற அளவில். கூடுதலாகப் போகும் பெட்ரோல் ஆவியாகும்போது பிஸ்டனின் தலையைக் குளிர்விக்கிறது. ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டும்போதும், சைலன்சரின் குடலை உருவிப் போடும்போதும் காற்றுதான் கூடுகிறது. கார்ப்பரேட்டரில் பழைய ஜெட்டே இருந்தால் கூடிய காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் எங்கிருந்து வரும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்போது பெட்ரோல் பங்கில் நமக்கு ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவது. அது எரிய 9 பங்கு காற்றே போதும். சென்சார் வைத்த புது வண்டி ஓரளவுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். 1996-ல் உற்பத்தி நின்றுபோன ஒரு வண்டியின் கார்ப்பரேட்டருக்கு அது எப்படித் தெரியும்? கையே வைக்காத பழைய வண்டிகூட இந்தப் பெட்ரோலில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு வறட்சியாக ஓடுகிறது. அதன் மேல்தான் நீங்கள் கூம்பு ஃபில்டரை மாட்டுகிறீர்கள். அந்தக் காலத்தில் என் அண்ணன் இதே ஜெட்டில்தான் ஓட்டினான் என்று சொல்லாதீர்கள். அந்தக் காலத்துப் பெட்ரோல் இப்போது இல்லை.

சூட்டைக் குறைக்க 2டி ஆயிலை இரண்டு மடங்கு ஊற்றுகிறேன் என்று சொல்லும் தம்பிகளைப் பார்க்கிறேன். நல்ல எண்ணம்தான், ஆனால் விளைவு எதிராகப் போகும். ஜெட் வழியாகப் போகும் ஒவ்வொரு துளியிலும் ஆயில் கூடினால் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைகிறது, கலவை இன்னும் வறளும். ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு டாங்கிலேயே கலந்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நீண்ட இறக்கத்தில் ரேஸை முழுக்க மூடிவிட்டுக் கியரில் ஓடவிட்டால் இன்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆயில் மட்டும் போகாது. இடையிடையே கொஞ்சம் ரேஸ் கொடுத்து நனைத்துக்கொண்டே இறங்க வேண்டும்.

புல்லட்காரர்கள் இது டூ-ஸ்ட்ரோக் பாடு, நமக்கில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1950-களில் சென்னைக்கு வந்து இங்கேயே வேர்விட்ட அந்தப் பழைய இரும்பு பிளாக் 350 வண்டியின் கம்ப்ரெஷன் 6.5-க்கு ஒன்று. நிதானமாகத் துடிக்கத்தான் அதை வடித்தார்கள். இரும்பு, அலுமினியக் கலவையைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் சூட்டைக் கடத்தும். அந்த பிளாக்கை மேலும் போர் செய்து, ஹெட்டை லேத்தில் சீவி, டைமிங்கை முன்னுக்குத் தள்ளினால் என்ன நடக்கும்? மேடேறும்போது சில்லறையை டப்பாவில் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் வரும். நாக்கிங். அது பிஸ்டன் தலையில் விழும் சம்மட்டி அடி. காதில் விழுந்த உடனே ரேஸைக் குறையுங்கள், கியரை இறக்குங்கள். நாக்கிங் கேட்டும் முறுக்குகிறவர் தன் இன்ஜினைத் தானே உடைக்கிறார்.

கல்யாண ஊர்வலத்திலும் திருவிழாவிலும் நின்ற இடத்தில் நின்றுகொண்டு சத்தத்துக்காக ரேஸ் கொடுக்கிறீர்களே, அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். காற்றில் குளிரும் வண்டிக்கு ஓட்டம்தான் மூச்சு. நிற்கும் வண்டியில் ஃபின்னுக்கு இடையே இருக்கும் காற்று அங்கேயே கொதித்துக் கிடக்கும். உள்ளே இருக்கும் ஆயில் ஒரு அளவைத் தாண்டிச் சூடாகிவிட்டால் அதன் பிறகு ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அது கெடும் வேகம் சுமார் இரண்டு மடங்காகும். மாற்றிப் பத்து நாள் ஆன ஆயில் அந்த ஒரு ராத்திரியில் கிழடாகிவிடலாம். அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு எழும் குழந்தையையும் நெஞ்சுவலிக்காரரையும்கூட நினைத்துப் பாருங்கள்.

இந்த வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபின் 160 டிகிரியில் இருக்கிறது, காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 135. அந்த வித்தியாசம்தான் சூட்டை வெளியே இழுக்கும் கயிறு. வேலூரிலோ கரூரிலோ காற்றே 40 டிகிரி ஆகும் நாளில் வித்தியாசம் 120 ஆகிவிடும். பத்தில் ஒரு பங்கு குளிர்ச்சி அங்கேயே போயிற்று. மார்கழியில் டியூனிங் செய்து நன்றாக ஓடிய வண்டி சித்திரையில் பிடித்துக்கொள்வது இதனால்தான். மலைப்பாதை இன்னும் மோசம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இன்ஜின் முழு மூச்சில் உழைக்கிறது, வண்டியோ இருபது, இருபத்தைந்து கிலோமீட்டரில்தான் போகிறது. உழைப்பு உச்சத்தில், காற்று அடிமட்டத்தில். பத்துப் பதினைந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்துங்கள். நிறுத்தினால் யாரும் உங்களைக் குறைத்து மதிப்பிடப் போவதில்லை. கொதிக்கும் இன்ஜினில் மட்டும் பாட்டில் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். ஃபின் வெடிக்கும், ஹெட் கோணும். நிழலில் விடுங்கள், தானாக ஆறட்டும்.

பலத்தைக் கூட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஆசை எனக்கும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஃபின்னுக்கு இடையே அப்பியிருக்கும் சேற்றையும் ஆயில் பிசுக்கையும் தூரிகை போட்டுக் கழுவுங்கள். அழகுக்காகக் கனமாகப் பூசிய பெயிண்ட் இருந்தால் உரித்து எடுங்கள். கார்ப்பரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் ரப்பரை மடக்கிப் பாருங்கள், முப்பது வருட ரப்பரில் வெடிப்பு இல்லாமல் இருக்காது. ரேஸை விட்ட பிறகும் இன்ஜின் சுற்று உடனே இறங்காமல் தொங்கிக்கொண்டு நின்றால், எங்கேயோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள். ஜெட்டைப் பெரியதிலிருந்து தொடங்கிச் சின்னதுக்கு இறங்கி வாருங்கள், சின்னதிலிருந்து மேலே ஏறாதீர்கள். பெரிய ஜெட் பிளக்கைக் கருப்பாக்கும், வண்டி கமறும், அவ்வளவுதான். சின்ன ஜெட் பிஸ்டனைத் தின்னும். பலம் கூடிய இன்ஜினுக்கு ஒரு படி குளிர்ச்சியான பிளக் தேவைப்படலாம். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடக் கூடக் குளிர்ச்சி, பாஷ் பிளக்கில் அது தலைகீழ். தெரியாமல் மாற்றினால் வினை. புது பிஸ்டன் போட்டால் ரன்னிங்-இன் முடியும் வரை பொறுங்கள். டூ-ஸ்ட்ரோக் ஓட்டும்போது கிளட்ச்சின் மேல் எப்போதும் இரண்டு விரல் இருக்கட்டும். இழுவை தானாகக் குறைகிறது என்று உணர்ந்த கணத்தில் ரேஸை மூடி, கிளட்ச்சை அழுத்தி, இடது ஓரம் ஒதுங்குங்கள். நான் அன்றைக்குச் செய்யாதது அதுதான்.

மெக்கானிக் அண்ணன்மார்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். போர்ட்டைச் சுரண்டிக் கொடுக்கத் தெரிந்த நீங்கள், ஜெட் மாற்றாமல், பிளக்கைப் படிக்காமல் அந்த வண்டியைக் கடை வாசலைத் தாண்ட விடாதீர்கள். பையன் அவசரப்படுவான், காசு அப்புறம் தருகிறேன் என்பான். சாவியை உங்கள் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாய் கடைசி வரை ஒன்றைச் சொல்லி வருந்தினார்: “அன்னைக்கு நான் வண்டியக் குடுத்திருக்கக் கூடாது.” தப்பு அவருடையதல்ல என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

வண்டியை விற்கும்போது உண்மையைச் சொல்லி விற்றுவிடுங்கள். 135 பிளாக் ஏற்றியிருக்கிறது, ஹெட் சீவியிருக்கிறது, ஒருமுறை பிடித்துக்கொண்டது என்று வாங்குகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். விலை ஐந்தாயிரம் குறையட்டும். மறைத்து விற்றால், யாரென்று தெரியாத ஒருவரின் மனைவியும் பிள்ளையும் அந்த சீட்டில் உட்காரப் போகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரித்தவர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. சட்டத்துக்குப் பயந்து சிலர் நிறுத்துவார்கள், நிறுத்தட்டும். எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தப் பின்சீட்டுதான். ஓட்டுகிறவருக்கு இன்ஜினின் தயக்கம் கையில் தெரியும், காதில் கேட்கும். பின்னால் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. அவர் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டு வருவார். ஜெட் மாற்றினாயா என்று கேட்க அவருக்குத் தெரியாது.

அந்தப் பையன் திருவண்ணாமலைக்கு அம்மாவைப் பேருந்தில் அழைத்துப் போனான். திரும்பி வந்ததும் ஹெட்டைத் திறந்தோம். பிஸ்டன் தலையின் ஓரத்தில், சைலன்சர் பக்கமாக, அரித்துப்போன ஒரு குழி. சுண்டுவிரல் நகத்தை வைத்தால் உள்ளே இறங்கியது. இன்னும் அறுபது கிலோமீட்டர் தாங்கியிருக்குமா என்று அவன் கேட்டான். தெரியாது என்றேன்.

உங்கள் வண்டியில் எதையாவது மாற்றியிருந்தால், இன்று சாயங்காலம் இன்ஜின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றி விளக்கடியில் பிடித்துப் பாருங்கள். பீங்கான் பழுப்பாக, டீத்தூள் கறை பட்ட நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தாலோ, வெள்ளையில் ஏதாவது மின்னினாலோ, நாளைக் காலை யாரையும் பின்னால் ஏற்றாதீர்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போங்கள்.